பத்து வீட்டுக்கு ஒரு சார்ஜர் போதும்

 

பதிவு கொஞ்சம் நீளம். ஒரு பிளேன்டீயை வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

ஏப்ரல் விடுமுறை வருகிறது. பாடசாலை பூட்டினால் தூரத்து ஊர்களிலிருந்து வந்து படிப்பிக்கும் ஆசிரியர்கள் பஸ்ஸில் வீடு போவார்கள். அவர்களுடைய பைக் இங்கே ஏதாவது ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் நிற்கும். புத்தாண்டுக்குக் கொழும்பிலிருந்து வரும் பிள்ளைகள் நாலு நாள் ஓடிவிட்டுத் திரும்பிப் போவார்கள். அந்த பைக்குகள் தீபாவளி வரைக்கும் லயத்தின் கோடியில் தறப்பாளுக்குக் கீழே கிடக்கும். கட்டாருக்கோ சவூதிக்கோ போனவரின் பைக் இரண்டு வருடம் நிற்கும். பிறகு ஒரு நாள் யாராவது திறப்பைப் போட்டுத் திருப்புவார்கள். 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"சேர், பெட்டரி செத்துப் போச்சு."

இந்த வசனத்தை எத்தனை பேர் வாயால் கேட்டிருப்போம்! நாம் பார்த்தவரை எங்கள் பக்கத்தில் ஓடித் தேய்ந்து சாகும் பெட்டரியை விட, நின்ற இடத்திலேயே சாகும் பெட்டரிதான் அதிகம். சிறிய சார்ஜர் ஒன்று இருந்தால் இதைத் தடுக்கலாம். அதையும் வீட்டுக்கு ஒன்று என்று வாங்கத் தேவையில்லை, பத்து வீட்டுக்கு ஒன்று போதும். இதுதான் எமது கருத்து. ஏன் என்று சொல்கிறோம்.

முதலில் எமது குற்றத்தை ஒப்புக்கொள்கிறோம். ஆசிரியர் கலாசாலைக்குப் பயிற்சிக்குப் போன காலத்தில் எமது பைக்கை வாப்பாவின் கடைக்குப் பின்னால் நிறுத்திவிட்டுப் போனோம். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பெட்டரி இறங்கியிருக்கும். கராஜில் கொடுத்து ஏற்றுவோம், திரும்பப் போவோம், அது திரும்ப இறங்கும். பயிற்சி முடிவதற்குள் இரண்டு பெட்டரி மாற்றியாகிவிட்டது. "சாமான் சரியில்லை" என்று கடைக்காரரோடு வாய்த்தர்க்கமும் பட்டோம். சாமானில் பிழை இருக்கவில்லை. மின்கலம் பற்றிப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் நாமே எமது பைக்கில் இருந்த மின்கலத்தைக் கவனிக்கவில்லை. வாப்பா மட்டும் ஒரு சொல் சொன்னார்: "ஆட்டுக்குட்டியக் கட்டிப் போட்டுட்டுப் போனா யாராவது தீனி வைக்கச் சொல்லுவியா இல்லையா?" அப்போது சிரித்தோம்.

பணம் நட்டமானது ஒரு பக்கம் இருக்கட்டும். இதை எழுத வைத்தது வேறொரு சம்பவம்.

சென்ற வருட மழையில் ஓர் இரவு, பாடசாலைக்கு மேலே உள்ள லயத்தில் எமது மாணவி ஒருத்திக்கு இழுப்பு வந்துவிட்டது. அடுத்த காம்பராவில் நல்ல பைக் ஒன்று நின்றது. அந்த வீட்டுப் பையன் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்கிறான். பைக் மூன்று மாதமாக அசையவில்லை. அவனுடைய தகப்பன் தயங்காமல் திறப்பைக் கொடுத்தார். செல்ஃப் பிடிக்கவில்லை. கிக் இல்லாத மாதிரி. சரிவில் தள்ளிப் பார்த்தார்கள், அதுவும் சரிவரவில்லை. பெட்ரோலைத் தள்ளும் பம்புக்கே பெட்டரி வேண்டும் என்கிற புது மாதிரி பைக் அது. பெட்டரி முழுதாக இறங்கிவிட்டால் மலை உச்சியிலிருந்து உருட்டினாலும் இயங்காது. கடைசியில் கீழே டவுனிலிருந்து த்ரீவீலர் ஒன்றைக் கூப்பிட்டார்கள். அந்த றோட்டில் அது ஏறி வர முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் பிடித்தது.

பிள்ளை சுகம், அல்ஹம்துலில்லாஹ். அடுத்த கிழமை வகுப்புக்கு வந்தாள். ஆனால் அந்தத் தாய் பாடசாலைக்கு வந்து சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "பைக்கு பக்கத்துலயே நின்னுச்சுங்க சேர்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

எங்கள் மாவட்டங்களில் மழை என்றால் என்னவென்று யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவிலும், புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மலை சரிந்ததைக் கேகாலைக்காரர் மறக்க மாட்டார்கள். 2003 மே மாத வெள்ளத்தையும் 2017 மே மாத வெள்ளத்தையும் இரத்தினபுரிக்காரர் மறக்க மாட்டார்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை வரும் இரவில் மேல் லயத்துக்குச் செய்தி கொண்டு போகவும், நடக்க முடியாத ஒரு கிழவியைக் கீழே கூட்டி வரவும் எங்களிடம் இருப்பது பைக்தான். ஏப்ரலில் நிறுத்திய பைக்கின் பெட்டரி இறங்கி முடிகிறது மே மாதத்தில். மழை வருவதும் மே மாதத்தில்.

சரி, நிற்கும் பெட்டரி ஏன் சாகிறது? வகுப்பில் சொல்வது போலவே சொல்கிறோம்.

எங்கள் பைக்குகளில் பெரும்பாலும் இருப்பது ஈய அமில பெட்டரி. 1859இல் பிரான்ஸைச் சேர்ந்த கஸ்தோன் பிளாந்தே என்பவர் செய்து காட்டியது. ஆறு அறைகள், ஓர் அறைக்கு ஏறத்தாழ 2.1 வோல்ட். உள்ளே ஈயத் தகடுகளும் சல்பூரிக் அமிலமும். கரண்ட் எடுக்கும்போது தகடுகளின் மேல் ஈய சல்பேற்று என்ற வெள்ளைப் படிவு உண்டாகிறது. திரும்ப ஏற்றும்போது அது கரைந்து போகிறது. இந்தப் படிவு புதிதாக இருக்கும்போது மென்மையானது, ஏற்றினால் போய்விடும். இறங்கிய நிலையிலேயே கிழமைக்கணக்கில் விட்டால் பளிங்காக இறுகிவிடும். நேற்றைய சோற்றுப் பானையை உடனே கழுவினால் ஒரு தேய்ப்பு, மூன்று நாள் காய விட்டால் சுரண்டவும் முடியாது அல்லவா? அதே கதை. இறுகிய தகட்டில் பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பிடிக்காது. இதைத்தான் பாஸ்மார் "தகடு போச்சு" என்கிறார்கள்.

பைக்கைத் தொடாமல் வைத்தாலும் பெட்டரி தானாக இறங்கிக்கொண்டே இருக்கும். நல்ல பெட்டரி மாதத்துக்குச் சில சதவீதம் இறங்கும், பழையது இன்னும் வேகமாக. வெப்பம் 10 பாகை கூடினால் இறங்கும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். தகரக் கூரைக்குக் கீழே மத்தியானத்தில் எவ்வளவு சூடு என்று உங்களுக்கே தெரியும்.

அதற்கு மேல் நாம் பூட்டும் சாமான்கள். திருடருக்குப் பயந்து அலாரம் போடுகிறோம். அது திறப்பை எடுத்த பிறகும் விழித்திருக்கும், விழித்திருக்கக் கரண்ட் குடிக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அலாரம் 10 மில்லி அம்பியர் மட்டும் எடுக்கிறது என்று வைப்போம். ஒரு நாளைக்கு 0.24 அம்பியர் மணி. 5 அம்பியர் மணி பெட்டரி மூன்று கிழமையில் வெறுமையாகும். மூன்று மாதம் எங்கே, மூன்று கிழமை எங்கே!

ஐரோப்பாவிலும் கனடாவிலும் பனிக்காலம் வந்தால் பலர் பைக்கைக் கழுவித் துடைத்து, மூடி, ஒரு சிறு சார்ஜரைக் கொழுவி வைத்துவிடுவார்கள். வசந்தம் வந்ததும் ஒரே அழுத்தில் இயங்கும். அங்கே அது வழமை. "அது குளிர் நாட்டுக்காரருக்கு, எங்களுக்கு எதற்கு?" என்று ஓர் ஆசிரிய நண்பர் எம்மிடம் கேட்டார். நாம் மறுபக்கமாகச் சொல்கிறோம். பெட்டரியைக் குளிரில் வைத்தால் அது மெதுவாகத்தான் தானாக இறங்கும். எங்கள் சூட்டில்தான் வேகமாக இறங்கும். அவர்களுக்கு எந்த மாதம் பைக்கை நிறுத்துவோம், எந்த மாதம் எடுப்போம் என்று முன்கூட்டியே தெரியும். எங்களுக்கு அது தெரியாது.

நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச் 20 மாலை நாடு முழுவதும் ஊரடங்கு. நாளைக்கு எடுக்கலாம் என்று நிறுத்திய பைக் கிழமைக்கணக்கில் நின்றது. 2022இல் பெட்ரோல் இல்லை. ஜூன் கடைசியில் தனியார் வாகனங்களுக்கு விற்பனையையே நிறுத்தினார்கள். பிறகு கியூஆர் முறை வந்து பைக்குக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்றார்கள். 4 லீற்றரில் பாடசாலைக்குப் போவதா, கடைக்குப் போவதா என்று பார்த்துப் பார்த்து, பல பேர் பைக்கை மூலையில் சாய்த்துவிட்டு நடந்தார்கள். 2023 செப்டெம்பர் முதலாம் திகதிதான் அந்த முறை நின்றது. இடையில் எத்தனை பெட்டரி போயிருக்கும்! வாகன இறக்குமதியும் 2020இலிருந்து மூடிக் கிடந்து, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இருக்கிற பழைய பைக்கைக் காப்பாற்றிக்கொள்வதுதான் எங்களுக்கு இருந்த வழி. தோட்டத்தில் கொழுந்து எடுப்பவருக்கு 1,000 ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் வரவே 2021 மார்ச் வரை காத்திருந்தோம். ஒரு புதுப் பெட்டரி என்றால் எத்தனை நாள் கொழுந்து என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

நாம் சொல்லும் சார்ஜர் எது? கராஜில் இருக்கும் பெரிய சார்ஜர் அல்ல. அது கார், லொறி பெட்டரிக்கு. பைக் பெட்டரியை அதன் அளவில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் ஏற்ற வேண்டும் என்பது பொது விதி. 5 அம்பியர் மணி பெட்டரிக்கு அரை அம்பியர் போதும், 1 அம்பியர் வரை பெரும்பாலும் பாதகமில்லை. 10 அம்பியர் சார்ஜரில் கொழுவி "சீக்கிரம் ஏத்திக் குடுங்க பாஸ்" என்று அவசரப்படுத்தினால் பெட்டரி சூடாகி, தண்ணீர் வற்றி, தகடு வளையும்.

கடைகளில் ஸ்மார்ட் சார்ஜர் என்று கேட்டால் கைக்கடக்கமான ஒன்றைத் தருவார்கள். அது முதலில் ஒரே சீராக ஏற்றும். 14.4 வோல்ட் அளவுக்கு வந்ததும் மெல்ல மெல்லக் குறைக்கும். நிறைந்த பிறகு 13.5 வோல்ட் அளவுக்கு இறங்கி, குறைகிறதை மட்டும் நிரப்பிக்கொண்டு காவல் இருக்கும். தானாக அடங்காத மலிவு சார்ஜர் வேண்டாம். அது நிறைந்த பின்னும் தள்ளிக்கொண்டே இருக்கும். வாங்கும்போது இன்னுமொன்று கேளுங்கள்: கரண்ட் போய் வந்தால் தானாகத் திரும்பத் தொடங்குமா, அல்லது பொத்தானை அழுத்த வேண்டுமா? 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய நாட்டில் இது சின்னக் கேள்வியல்ல.

இப்போது நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகள்.

"கிழமைக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் விட்டால் போதாதா?" போதாது. செல்ஃப் ஒரு தரம் சுற்ற எடுக்கும் கரண்டை அந்த ஐந்து நிமிட ஐட்லிங் சரியாகத் திருப்பித் தராது. ஒவ்வொரு தரமும் கொஞ்சம் கடன் ஏறும். பெட்ரோலும் வீண். எடுத்தால் அரை மணித்தியாலமாவது ஓட்டிவிட்டு வாருங்கள். பெட்ரோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை நிறுத்திவிட்டுப் பள்ளத்தில் உருட்டிக்கொண்டு இறங்கும் பழக்கமும் எங்களில் இருக்கிறது. அந்த நேரம் பிரேக் லைட்டும் ஹோர்னும் பெட்டரியைத்தான் தின்னும். ஆபத்து வேறு.

"வயரைக் கழற்றி வைத்தால் சரிதானே?" நல்ல பழக்கம், கட்டாயம் செய்யுங்கள். அலாரம் குடிப்பது நிற்கும். ஆனால் பெட்டரி தானாக இறங்குவது நிற்காது. நிறைந்த பெட்டரி என்றால் ஒன்றிரண்டு மாதம் தாங்கும். அரை வயிற்றோடு கழற்றி வைத்தால் அதுவும் தாங்காது.

"பெட்டரியைச் சீமெந்துத் தரையில் வைத்தால் இறங்கிவிடும், பலகையில் வைத்தால் இறங்காது." இது பழைய காலத்துப் பெட்டிகளுக்கான பேச்சு. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்குப் பலகையும் தரையும் ஒன்றுதான். பலகையில் வைத்தால் பாவமில்லை. ஆனால் பலகை ஏற்றாது.

"நான் தினமும் ஓடுகிறேன்." அப்படியானால் உங்களுக்குச் சார்ஜர் வேண்டியதில்லை. ஓட்டமே சார்ஜர். நான்கு வருடம் உழைத்துக் களைத்த பெட்டரியைச் சார்ஜர் இளமையாக்கும் என்றும் நாம் சொல்லவில்லை. நல்ல பெட்டரி வீணாய்ப் போகாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் அதன் வேலை.

"ஏழைக்கு இதெல்லாம் எதற்கு?" இதற்குத்தான் பத்து வீட்டுக்கு ஒன்று என்கிறோம். கணக்கைப் பாருங்கள். கழற்றி வைத்த பெட்டரிக்கு மாதம் ஓர் இரவு ஏற்றினால் போதும். மாதத்துக்கு 30 இரவு. பத்து பைக்குக்கும் முறை வைத்து ஏற்றினாலும் இருபது இரவு சார்ஜர் சும்மா இருக்கும். கரண்ட் செலவு? முழுதாக இறங்கிய 5 அம்பியர் மணி பெட்டரியை நிரப்ப ஏறத்தாழ ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குதான் போகும். எங்கள் ஆசிரியர் அறையில் எட்டுப் பேர் சேர்ந்து ஒன்று வாங்கினோம். அன்றைய பெட்டரி ஒன்றின் விலை கூட வரவில்லை. பங்குக்கு வந்தது ஒரு நாள் பகல் சாப்பாட்டுக் காசு. அதோடு சாதாரண மீட்டர் ஒன்றும், ஒரு கொப்பியும். கொப்பியில் பெயர், திகதி, வோல்ட். அவ்வளவுதான் நிர்வாகம். போன டிசம்பர் விடுமுறைக்கு நின்ற எட்டு பைக்கும் ஜனவரியில் முதல் அழுத்திலேயே இயங்கின.

மீட்டர் பார்ப்பது கடினமில்லை. பைக் ஓடியோ, ஏற்றியோ சில மணித்தியாலம் ஆறிய பிறகு பாருங்கள். 12.7 வோல்ட் அளவில் இருந்தால் நிறைவு. 12.4 வந்தால் முக்கால், அன்றைக்கே ஏற்றுங்கள். 12 என்றால் கிட்டத்தட்ட வெறுமை, இனி ஒரு நாளும் சுணங்கக் கூடாது. எட்டாம் வகுப்புப் பிள்ளையும் பார்க்கலாம். எங்கள் மாணவர்கள் பார்க்கிறார்கள், சந்தோசமாகப் பார்க்கிறார்கள்.

யார் இதை எடுத்துச் செய்வது? தோட்டங்களில் மரண உதவிச் சங்கம் இருக்கிறது, கோயில் குழு இருக்கிறது. எங்கள் ஊர்களில் ஜமாஅத் இருக்கிறது, த்ரீவீலர் ஸ்டாண்ட் சங்கம் இருக்கிறது. பந்தல் கதிரையும் பெரிய சட்டியும் பொதுவில் வாங்கி வைக்கிறோம், எல்லோரும் எடுத்துப் பாவிக்கிறோம். சார்ஜரும் அப்படி ஒரு சாமான்தான். எட்டியாந்தோட்டையானாலும் தெரணியகலையானாலும் பலாங்கொடையானாலும் இறக்குவானையானாலும் கதை ஒன்றுதான். ஒரே ஒரு விடயம்: பள்ளிவாசல் கரண்டும் கோயில் கரண்டும் பாடசாலைக் கரண்டும் அமானிதம். சிறிய தொகை என்று கேட்காமல் கொழுவக் கூடாது. நிர்வாகத்திடம் அனுமதி கேட்டு, மாதம் ஒரு தொகையை உண்டியலில் போட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பொது இடத்தில் ஏற்றச் சொல்வதற்கு இன்னொரு காரணம் பாதுகாப்பு. பத்தடி லயக்காம்பராவில் ஐந்தாறு பேர் படுக்கிறார்கள், சுவருக்கு அந்தப் பக்கம் விறகு அடுப்பு. ஏற்றும்போது பெட்டரியிலிருந்து ஐதரசன் வாயு வெளிவரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பொறிக்கு வெடிக்கக் கூடியது அது. ஆகவே படுக்கும் அறையில் ஏற்றவே வேண்டாம். கட்டிலுக்குக் கீழே வைக்கவே வேண்டாம். காற்றோட்டமான விறாந்தை, நனையாத இடம், பிள்ளைகளுக்கு எட்டாத உயரம். பக்கத்தில் சிகரெட், ஊதுபத்தி, குப்பி விளக்கு ஒன்றும் கூடாது.

கழற்றும்போது முதலில் கழித்தல் வயர், பிறகு கூட்டல். பூட்டும்போது முதலில் கூட்டல், கடைசியில் கழித்தல். சார்ஜரின் கிளிப்பைப் பெட்டரியில் மாட்டிய பிறகே பிளக்கைச் செருகுங்கள். எடுக்கும்போது பிளக்கை முதலில் இழுங்கள். இந்த ஒழுங்கு தவறினால் பொறி பறப்பது வாயு இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி முழங்கினால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சார்ஜரையும் பெட்டரியையும் ஒரே மின்னலில் இழக்க வேண்டாம்.

தண்ணீர் ஊற்றும் மாதிரி பெட்டரி என்றால் கோட்டுக்குக் கீழே போயிருக்கிறதா என்று பாருங்கள். ஊற்றுவது பெட்டரிக்கென்று விற்கும் காய்ச்சி வடித்த நீர் மட்டும். ஆற்றுத் தண்ணீரும் பீலித் தண்ணீரும் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் வேண்டாம். அமிலம் ஊற்றவே வேண்டாம். மூடிய மாதிரி பெட்டரியின் மூடியைக் கத்தியால் நெம்பித் திறக்க வேண்டாம். லித்தியம் பெட்டரி போட்டிருப்பவர்கள் அதற்கென்றே உள்ள சார்ஜரைத்தான் பாவிக்க வேண்டும், இது சரிவராது. அமிலம் கையில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் இருபது நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவி, நேரே ஆஸ்பத்திரிக்கு.

கடைசியாக ஒன்று. பெட்டரி குறைவாகச் செத்தால் பணம் மட்டும் மிச்சமில்லை. செத்த பெட்டரி எங்கே போகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? சில இடங்களில் அமிலத்தை ஓடையில் ஊற்றிவிட்டு, உள்ளே இருக்கும் ஈயத்தை உடைத்து எடுக்கிறார்கள். அதே ஓடையில்தான் கீழே பிள்ளைகள் குளிக்கிறார்கள். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைகளின் மூளையைத்தான் அது முதலில் பிடிக்கிறது. செனகல் நாட்டில் தியாரோய்-சுர்-மேர் என்ற ஊரில் பழைய பெட்டரி உடைத்து ஈயம் எடுத்த இடத்துக்குப் பக்கத்தில் 2007 கடைசிக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 சிறு பிள்ளைகள் இறந்தார்கள். ஈயம் கலந்த மண்ணும் தூசியும்தான் காரணம் என்று கண்டார்கள். அவர்களும் எங்களைப் போல உழைத்துச் சாப்பிடும் சனங்கள்தான். ஆகவே செத்த பெட்டரியை உடைக்காமல், ஊற்றாமல், புதியது வாங்கும் கடையிலேயே கொடுங்கள். பழையதற்குப் பல கடைகளில் விலை கழித்துத் தருவார்கள். அதைவிட நல்லது, சாக விடாமல் வைத்திருப்பது.

இந்த விடுமுறைக்கு ஒரு வேலை செய்யுங்கள். பைக்கை நிறுத்தும் முன் பெட்டரியை நிறைய ஏற்றி, கழித்தல் வயரைக் கழற்றிவிட்டுப் போங்கள். வெளிநாட்டிலும் கொழும்பிலும் இருக்கும் தம்பிமார், வீட்டுக்குக் கோல் எடுக்கும்போது உம்மாவிடமும் அம்மாவிடமும் சொல்லுங்கள்: மாதம் ஒருக்கா பெட்டரியைப் பார்க்கச் சொல்லி, பைக் தேவைப்படுகிறவருக்குத் திறப்பைக் கொடுக்கச் சொல்லி. அந்த இரவு திறப்பைத் தயங்காமல் கொடுத்த தகப்பனிடம் குறையொன்றும் இல்லை. அந்த பைக்கில் கொஞ்சம் கரண்ட் இருந்திருந்தால் போதும்.

அந்த லயத்தில் இப்போது பன்னிரண்டு வீட்டுக்கு ஒரு சார்ஜர் வாங்கியிருக்கிறார்கள். கொப்பியை வைத்திருப்பது அந்தப் பிள்ளையின் தாய். போன கிழமை போனபோது எமக்கும் காட்டினார். திகதியெல்லாம் ஒழுங்காக இருந்தது. எழுத்து மகளுடையது.

உங்கள் ஊரில் இப்படி யாராவது தொடங்கினால் கீழே எழுதுங்கள். எப்படிச் செய்தீர்கள் என்று மற்றவர்களும் அறியட்டும். பிழை இருந்தால் திருத்துங்கள், பாஸ்மார் சொல்லும் திருத்தத்தை முதல் ஆளாக நாம் ஏற்றுக்கொள்கிறோம்.

எல்லோருக்கும் நல்ல விடுமுறையாக அமையட்டும். பள்ளத்தில் எஞ்சினை நிறுத்தாமல் இறங்குங்கள்.